தரங்கம்பாடி: போகுமுன் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் அவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. பொறையார்ப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் அந்த மணலும் அந்தத் தெருக்களும் சிறு வயதிலிருந்தே பழக்கம். வருகிறவர்களில் அநேகர் கோட்டையைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பலாமா என்பார்கள். அப்போது எனக்கு மனம் வலிக்கும். டென்மார்க்கிலிருந்து வந்து கோட்டை கட்டியவர்கள் 225 ஆண்டுகள் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே வலை காயவைத்தவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

தரங்கம்பாடி எங்கே இருக்கிறது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலோரத்தில். முன்பு தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டம். காரைக்காலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வந்தால் நுழைவாயில் வளைவு கண்ணில் படும்.

‘பாடும் அலைகளின் ஊர்’ என்பதுதான் பெயரின் பொருளா?

சுற்றுலா விளம்பரங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்தவர்கள் சற்று யோசிக்க வேண்டும். தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்பது ஊர். ஆயர்பாடி, வாணியம்பாடி, காட்பாடி என்று எத்தனை ஊர்கள்! தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மீனவக் கிராமம் சந்திரபாடி. இரண்டு பெயர்களிலும் இருப்பது ஒரே பாடிதான். அலை வந்து மோதும் ஊர் என்பதே நேரான பொருள்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. ‘தரங்கம்’ வருவதற்கு முன்பே ‘பாடி’ இருந்திருக்கிறது. டேனிஷ்காரர்கள் நாவில் அது டிராங்கேபார் ஆயிற்று. ஆங்கிலேயரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது?

மீனவர் குடியிருப்பும் ஒரு சிறிய துறையும் சிவன் கோயிலும். மாசிலாமணி நாதர் கோயிலை எழுப்பியது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். மேலே சொன்ன கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ‘பட்டினம்’ என்று அரசன் பெயரோடு சேர்த்து அழைத்திருக்கிறார்கள் என்றால், மீன்பிடிப்போடு கடல் வணிகமும் இருந்தது என்று கொள்ளலாம். பூம்புகார் வடக்கே, நாகப்பட்டினம் தெற்கே, நடுவில் இது. கப்பல் பார்க்காத கடற்கரை அல்ல இது.

பெரிய துறைகளை விட்டுவிட்டு டென்மார்க் ஏன் இந்தச் சிற்றூரைத் தேடி வந்தது?

உண்மையில் அவர்கள் தேடி வந்தது இலங்கையை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று தொடங்கி, ஓவே ஜெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார்கள். கண்டி அரசரோடு ஒப்பந்தம் செய்து இலங்கையில் காலூன்றுவது திட்டம். அது கைகூடவில்லை.

இதற்கிடையில் முன்னதாக வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர் ரோலண்ட் கிராப்பே. அவர் தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரின் அவையில் நின்றார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வேரூன்றியிருந்த காலம் அது. எதிர்க்கடை போட இன்னொரு வியாபாரி வருவது நாயக்கருக்கும் வசதியாகவே இருந்திருக்கும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. கோட்டை கட்டிக்கொள்ளவும் மிளகு உள்ளிட்ட பொருள்களை வாங்கி அனுப்பவும் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கப்பலின் சேதத்திலிருந்து தொடங்கியது இந்த ஊரின் டேனிஷ் வரலாறு. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

தங்கத்தில் எழுதிய கடிதம் என்கிறார்களே, அது என்ன?

ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய கடிதம். பனையோலை வடிவில் அடித்த தங்க ஏட்டில் தமிழில் பொறித்து, நாயக்கர் தெலுங்கில் கையொப்பமிட்டார். இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அரசர் பேசிய மொழி தெலுங்கு, மண்ணின் மொழி தமிழ், ஏட்டின் வடிவம் நம் பனையோலை, போய்ச் சேர்ந்த இடம் பனிநாடு. தரங்கம்பாடியின் கதை முழுவதும் அந்த ஒரு ஏட்டில் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றும்.

டேன்ஸ்போர்க் கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

1620இல் வேலை தொடங்கிய கோட்டை. பிற்காலத்தில் பல முறை பழுதுபார்த்து மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். கடலைப் பார்த்து நிற்கும் இரண்டடுக்குக் கட்டடம். கீழே கிடங்குகள், வெடிமருந்து அறை, வீரர்கள் தங்கிய அறைகள், சிறை. மேல் தளத்தில் அதிகாரிகள் தங்கினார்கள். வழிபாட்டுக்கும் அங்கேயே இடம் இருந்தது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே அருங்காட்சியகமும் உண்டு.

அருங்காட்சியகத்தில் அவசரப்படாதீர்கள். டேனிஷ்காரர்கள் இங்கேயே அடித்த சிறு காசுகளை நின்று பாருங்கள். ஆரம்ப காலத்தவை ஈயக்காசுகள். டென்மார்க் அரசரின் முத்திரையோடு, நம் ஊர்ச் சந்தையில் செல்வதற்காக அடித்தவை. மிளகு, துணி வியாபாரம் எல்லாம் பெரிய கணக்கு. மீனும் அரிசியும் வாங்க இந்தக் காசுதான் கை மாறியிருக்கும்.

கீழ்த்தளத்தின் இருட்டு அறைகளில் நிற்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுவேன்.

சாதாரண வீரன் ஒருவனின் கண்ணில் இந்தக் கோட்டை எப்படி இருந்தது என்பதற்கும் பதிவு உண்டு. ஐஸ்லாந்தைச் சேர்ந்த யோன் ஓலாஃப்சன் 1623இல் இங்கே வந்து காவல் வீரராக இருந்தார். வெடிவிபத்தில் கைகளில் பலத்த காயம்பட்டு மறு ஆண்டே திரும்பினார். முதுமையில் தன் வாழ்க்கையை எழுதினார். அதில் தரங்கம்பாடியும் அதன் மக்களும் வருகிறார்கள். நம் மீனவக் கிராமம் ஐஸ்லாந்து மொழியில் ஏறியது அப்படித்தான்.

டென்மார்க்கிலிருந்து முப்பது ஆண்டுகள் கப்பலே வரவில்லை என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. 1630களின் இறுதிக்குப் பிறகு 1669 வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் இங்கே வந்து சேரவில்லை. ஐரோப்பாவில் போர், கையில் பணமில்லை, கம்பெனியே கலைந்துபோயிற்று. இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற ஒருவர். பீரங்கி வீரராக வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றும் சொல்வார்கள். ஊர்மக்களின் துணையோடு கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படை முற்றுகையிட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் ‘ஃபாரோ’ என்ற கப்பல் கரைக்கு வந்தபோது கோட்டை மேல் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு வெளிநாட்டவர் இத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? உள்ளூர்க்காரர்கள் சோறு போட்டிருக்கிறார்கள், காவலுக்கு நின்றிருக்கிறார்கள், படகு ஓட்டியிருக்கிறார்கள். வரலாறு அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

தமிழ் முதன்முதலில் அச்சானது இங்கேதானா?

இல்லை. இந்தத் தவறு பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு, அது சிறியதும் அல்ல.

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிச் புளூட்சோவும் இங்கே கரையிறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். மறுநாள்தான் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது. திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியரையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், தான் தேடிச் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். சமயப் பணிக்கு வந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் நூல்களை ஆசையோடு படித்திருக்கிறார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியில் இருந்த மேலிடம் அச்சிட மறுத்துவிட்டது. 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது.

அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்தும் தமிழ் எழுத்து அச்சுகள் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும் வந்தன. 1713 வாக்கில் எல்லாம் கைக்குக் கிடைத்தது. வந்த எழுத்துகள் பெரியவை. அப்படியே கோத்தால் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீஸ் அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி 1714இல் அச்சாயிற்று, மறு ஆண்டு முழுமையடைந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாரில் காகிதப் பட்டறை போட்டார்கள். பட்டறை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மூடிய ஒரு தொழிற்கூடம் ஊர்ப்பெயரில் உயிரோடிருக்கிறது. சிறுவயதில் அந்தப் பெயரை எத்தனையோ முறை சொல்லியும் காரணம் தெரியாமலே இருந்தேன். தெரிந்த நாளில் புல்லரித்தது.

சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். பழைய எருசலேம் ஆலயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடல் கொண்டுபோய்விட்டது.

ஊருக்குள் நடந்து பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?

அரை நாள் ஒதுக்குங்கள். காரை வளைவுக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பது உத்தமம்.

நுழைவாயில் வளைவு 1792ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளைச் சுவர், மேலே டேனிஷ் அரச முத்திரை. அதைத் தாண்டினால் ராஜ வீதி. ஒரு பக்கம் 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம், எதிர்ப்புறம் சற்றுத் தள்ளிப் புதிய எருசலேம் ஆலயம். பின்னதன் முகப்பில் கிரீடமும் மன்னரின் பெயரெழுத்தும் இருப்பதைத் தலை நிமிர்ந்து பாருங்கள். வீதியின் கோடியில் மைதானம், அதற்கு அப்பால் கோட்டை, அதற்கு அப்பால் கடல். ஆளுநர் மாளிகையும் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை 2017இல் அருங்காட்சியகமாக்கினார்கள். அச்சுக்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது தட்டாரத் தெரு. ஓட்டு வீடுகள், மரத்தூண் திண்ணைகள். சுனாமிக்குப் பிறகு, பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பினர் இங்கே சில வீடுகளைப் பழமை கெடாமல் புதுப்பித்தார்கள். ஆளுநர் மாளிகைகளைக் காப்பாற்றப் பணம் தர எங்கும் ஆள் கிடைப்பார்கள். சாதாரண மனிதர்கள் வாழ்ந்த திண்ணை வீட்டைக் காப்பாற்றலாம் என்று எண்ணியது பெரிய காரியம்.

நூல் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி: தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முதலில் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிபதியாக, பணியேற்றது தரங்கம்பாடியில்தான்.

டேனிஷ்காரர்கள் ஏன் போனார்கள்?

லாபம் வற்றிவிட்டது. ஐரோப்பியப் போர்களின்போது ஆங்கிலேயர் 1808இல் ஊரைப் பிடித்துக்கொண்டு 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கிடைத்தபோது பழைய வியாபாரம் இல்லை. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர், நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் ஒதுங்கிப்போயிற்று.

இங்கே ரயில் ஓடியதாமே?

ஓடியது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் மீட்டர் கேஜ் பாதை திறந்தார்கள், 1986இல் நிறுத்திவிட்டார்கள். மீண்டும் வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். மீன் கூடையோடு ரயிலேறிய பெண்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது.

கடலுக்குள் போன கோயில் இப்போது இருக்கிறதா?

இருக்கிறது, குறைந்துபோய். கோட்டைக்கு வடக்கே, அலைக்கு எதிரே மாசிலாமணி நாதர் கோயில் நிற்கிறது. முன்பகுதியைக் கடல் படிப்படியாக விழுங்கிவிட்டது. நீர் வற்றும் நேரங்களில் கருங்கற்கள் நுரைக்கிடையே தலைகாட்டும். எஞ்சிய பகுதிக்குத் திருப்பணி செய்து, முன்னால் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள். ஒரு மாலையில் நான் அங்கே நின்றிருந்தபோது, அலை ஒன்று பின்வாங்கிய இடத்தில் தாமரை இதழ் செதுக்கிய கல் ஒன்று ஈரத்தில் மின்னியது. அடுத்த அலை வரும்வரை அது தெரிந்தது. பிறகு மணல் மூடிக்கொண்டது.

கோயில், பழைய தேவாலயம், டேனிஷ் மதிலின் ஒரு பகுதி என்று கடல் இங்கே யாரையும் விட்டுவைக்கவில்லை. எழுநூறு ஆண்டுகளாக இந்த ஊரின் கிழக்கு எல்லை மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.

சுனாமியில் என்ன நடந்தது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கரையில் படகுகள் நின்றன, மீன் வாங்கவும் விற்கவும் பெண்கள் கூடியிருந்தார்கள், பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். கடற்கரையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் அதுதான். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பு பெரும் இழப்பைச் சந்தித்தது. கல் தடுப்புக்குப் பின்னால் இருந்த கோட்டை தப்பியது.

பிறகு கடலிலிருந்து தள்ளிப் புதிய குடியிருப்புகள் கட்டிக்கொடுத்தார்கள். வீடு உறுதியானது. ஆனால் கடல் நிறத்தைத் திண்ணையிலிருந்தே பார்த்து, தொழிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்களுக்கு அந்தத் தூரம் பெரிய மாற்றம். இதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நீங்கள் போகும்போது ஒரு வேண்டுகோள்: அந்த நாளைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைப்பவர்கள் தாங்களே சொல்வார்கள்.

ஓசோன் காற்று அதிகமுள்ள கடற்கரை என்பது உண்மையா?

இதை நம்பி ஆஸ்துமா நோயாளிகளை அழைத்துவருபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். நம்மைக் காக்கும் ஓசோன் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் மூக்கில் ஏறும் அந்தத் தனி மணம் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களால் உண்டாவது. காற்று சுத்தமாக இருக்கிறது, நெஞ்சு நிறைய மூச்சு விடலாம், உண்மைதான். அதற்குமேல் மருத்துவக் குணம் எதையும் ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

மீன்பிடித் தொழிலைப் பார்க்க எப்போது போக வேண்டும்?

விடியற்காலையில். முடிந்தால் முதல்நாள் இரவே வந்து தங்குங்கள். ஃபைபர் படகுகள் இருட்டிலேயே போய், வெயில் ஏறுமுன் திரும்பும். கட்டுமரம் இப்போது மிக அரிது. படகு கரை தட்டியதும் நாலைந்து பேர் தோள் கொடுத்து மணலில் ஏற்றுவார்கள். வலையை விரித்து, சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவதை உட்கார்ந்து பாருங்கள். நண்டு மாட்டிய இடத்தில் விரல்கள் மெதுவாகும். காலை மடக்கி, கண்ணியை விலக்கி, வலையும் அறாமல் நண்டும் உடையாமல் எடுப்பது கைப்பழக்கம். அவசரப்பட்டு இழுத்தால் வலை போகும், காலுடைந்த நண்டுக்கு விலையும் போகும்.

பிறகு கூறு போட்டு ஏலம். விலை சொல்கிறவரின் வேகத்துக்குப் புதியவர் காது ஈடுகொடுக்காது. அன்னக்கூடைகளோடு சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு தலையசைப்பில் வாங்கிவிடுவார்கள். மீனைக் கடலிலிருந்து கொண்டுவருவது ஆண்கள் என்றால் அதைப் பணமாக்குவது பெரும்பாலும் இந்தப் பெண்கள். ஊர் ஊராகத் தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் கொண்டுபோய், மீதியைக் கருவாடாக்கி, வீட்டுக் கடனையும் படகுக் கடனையும் அடைப்பது அவர்கள்தான்.

மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து இங்கே வலுவானது. சுற்றியுள்ள மீனவக் கிராமங்கள் பலவற்றுக்குத் தரங்கம்பாடியே தலைமைக் கிராமம். சுருக்குமடி வலை வேண்டாம், அது சிறு மீனையும் சேர்த்து அள்ளிவிடும் என்று நிற்பதில் இந்த ஊர் முன்வரிசையில் இருந்துவருகிறது. பக்கத்து ஊர்க்காரர்களோடு மனத்தாங்கல் வந்தபோதும் அந்த நிலையை விடவில்லை. நாளைய மீனைப் பற்றிக் கவலைப்படும் அந்தக் குரலுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

மீன் வாங்கலாமா? தடைக்காலத்தில் கிடைக்குமா?

தாராளமாக வாங்கலாம். ஏலத்தில் கை நீட்ட வேண்டாம், அது வியாபாரிகளின் இடம். கூறு வாங்கிவைத்திருக்கும் பெண்களிடம் கேளுங்கள்: “அக்கா, இன்றைக்கு என்ன நல்லா இருக்கிறது?” என்றால் சரியாகவே சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு படகுகள் அப்போதும் அருகுக் கடலுக்குப் போகும், மத்தி, நெத்திலி, நண்டு கிடைக்கும். வஞ்சிரம் வேண்டும் என்று அடம் பிடித்தால் விலை எகிறும். குழம்புக்கு இங்கத்திய மத்தியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனையுங்கள், போதும். கோயிலின் கற்களும் தடுப்புக்காகக் கொட்டிய பாறைகளும் நீருக்கடியில் கிடக்கின்றன. இழுப்பும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

எந்த மாதத்தில் போகலாம்? எப்படிப் போவது, எங்கே தங்குவது?

தை, மாசி மாதங்கள் மிக நன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை இருந்தால் கடற்கரைப் பக்கமே வர வேண்டாம். சித்திரை வெயிலில் மைதானத்தைக் கடப்பதே சிரமம்.

மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ். சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், சிதம்பரத்திலிருந்தும் பஸ் வசதி உண்டு. கோட்டையருகே ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களா இப்போது ஓட்டலாக இருக்கிறது. செலவு கூடுதல். சிக்கனமாகத் தங்க நினைப்பவர்கள் காரைக்காலிலோ திருக்கடையூரிலோ அறை எடுக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் அதிகக் கடைகள் இல்லை. பொறையாருக்கு வந்துவிடுங்கள்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

அறுபதாம் கல்யாணத்துக்குப் பெயர்பெற்ற திருக்கடையூர் கால் மணி நேரத் தூரம். அனந்தமங்கலத்தில் பத்துக் கை ஆஞ்சநேயர். வடக்கே பூம்புகார். தெற்கே காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள்.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கடற்கரை பொது இடம்தான், ஆனால் வலை பிரிக்கும் அந்த மணல் அவர்களுக்குப் பணியிடம். காயும் வலையை மிதிக்கக் கூடாது, படகின் மேல் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. எடுத்த படத்தைக் காட்டினால் மகிழ்வார்கள். சென்ற தை மாதம் என்னோடு வந்த அத்தை மகன், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் படமெடுத்துக் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “முகம் இருக்கட்டும் தம்பி, முடிச்சு சரியா விழுந்திருக்கா பாரு” என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கி அவர் விரலிடுக்கில் இருந்த கண்ணியைக் காட்டினோம். தலையசைத்துவிட்டு ஊசியை மறுபடி கோத்தார்.